கௌதாரியின் பெயரில் ஓர் ஊர்

ஆப்பிரிக்கப் புல்வெளியைத் தமிழர்களாகிய நாம் முதலில் கண்டது தொலைக்காட்சித் திரையில்தான். குடைபோல் விரிந்த வேலமரம், அதன் நிழலில் படுத்திருக்கும் சிங்கக் கூட்டம், அடிவானம் வரை நகர்ந்துகொண்டே இருக்கும் காட்டுமாடுகள். இன்று நம்மில் பலர் நேரிலேயே போய்வருகிறார்கள். கென்யாவின் மசாய் மாரா, தான்சானியாவின் செரங்கெட்டி, தென்னாப்பிரிக்காவின் குரூகர் ஆகிய பெயர்கள் தமிழ்ப் பயணக் கட்டுரைகளில் இப்போது சாதாரணமாகிவிட்டன. விரும்பிப் படிக்கத்தக்க கட்டுரைகள் அவற்றில் பல உண்டு. ஆனால் எல்லாவற்றிலும் சொல்லப்படாத ஒரு நம்பிக்கை இழையோடுகிறது. அப்படிப்பட்ட நிலம் அங்கேதான் உண்டு, நம் மண்ணுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பதே அது.

அந்த நம்பிக்கையைப் புதுச்சேரியில் நின்றுகொண்டு சற்றுச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். கடற்கரையும் நேர்த்தெருக்களும் ஆசிரமமும் கொண்ட இவ்வூருக்கும் சவானா எனப்படும் ஆப்பிரிக்கப் புல்வெளிக்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? நாம் தேடியவரை மூன்று தொடர்புகள் தென்படுகின்றன. ஒன்று பறவை, மற்றொன்று துணி, மூன்றாவது வரைபடம்.

1

பியேர் சொன்னரா 1748இல் பிரான்சின் லியோன் நகரில் பிறந்தவர். இருபது வயதில் இந்துமாக் கடலில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்த மொரீசியசுக்கு வந்து, அத்தீவை நிர்வகித்த பியேர் புவாவ்ரிடம் பணியாற்றினார். காடு அழிந்தால் மழை குறையும் என்ற எண்ணத்தில் காடுகளைக் காக்கச் சட்டம் வகுத்த மிக முற்பட்ட நிர்வாகிகளுள் புவாவ்ர் ஒருவர். அச்சட்டம் 1769ஆம் ஆண்டினது. காலனியத் தீவுகளே சூழலியல் சிந்தனையின் தொட்டில்கள் என்று வாதிட்ட வரலாற்றாசிரியர் ரிச்சர்டு குரோவ், மொரீசியசுக்குத் தம் நூலில் முதன்மையான இடம் தந்திருக்கிறார்.

சொன்னரா 1774 முதல் 1781 வரை அரச ஆணையின்பேரில் இந்தியாவிலும் சீனாவிலும் பயணம் செய்தார். அப்பயண நூல் 1782இல் பாரிசில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கோயில்கள், தெய்வங்கள், தொழில்கள் பற்றிய படங்களுக்காக அந்நூலை நம்மவர் சிலர் அறிவர். பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய பகுதியும் அதில் உண்டு. புதுச்சேரிப் பகுதியில் கண்ட ஒரு பறவைக்கு அவர் பிரெஞ்சில் 'புதுச்சேரிக் கௌதாரி' என்று பெயரிட்டார். லின்னேயசின் இயற்கை வகைப்பாட்டு நூலை விரிவாக்கிப் பதிப்பித்த ஜெர்மானியரான கிமெலின், 1789இல் அப்பெயரையே லத்தீனாக்கி 'பாண்டிசெரியானஸ்' என்று பதிந்தார். அன்று தொட்டு இன்றுவரை, பாகிஸ்தானிலோ இலங்கையிலோ திருநெல்வேலியிலோ எங்கு கௌதாரி கூவினாலும் அறிவியல் அதைப் புதுச்சேரிப் பறவை என்றே அழைக்கிறது. காட்டுக் கீச்சான் என்ற சிறு பறவைக்கும் இதே வழியில் இவ்வூரின் பெயர் வாய்த்தது. சாம்பல் காட்டுக்கோழியோ சொன்னராவின் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் வீட்டுக் கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு அந்தக் காட்டுக்கோழியிடமிருந்தே வந்தது என்று 2008இல் நிறுவப்பட்டது.

சொன்னரா சொன்னதெல்லாம் மெய்யல்ல. தாம் போகாத நியூகினிக்குப் போனதாக எழுதி, அங்கே பெங்குவின்களைக் கண்டதாகவும் படம் வரைந்து காட்டியவர் அவர். நியூகினியில் பெங்குவின் கிடையாது. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் மீன்கொத்தி இன்றும் அறிவியல் ஏட்டில் நியூகினிப் பறவையாக இருப்பது அவருடைய கதையால் நேர்ந்த பிழை. வகைப்பாட்டு விதிப்படி முதலில் இட்ட பெயரை மாற்ற முடியாது. ஆகவே பொய்யும் நிலைத்துவிட்டது, மெய்யும் நிலைத்துவிட்டது. கௌதாரி மெய்யின் பக்கத்தில் இருக்கிறது. புதுச்சேரியைச் சுற்றிய வறண்ட வயல்களிலும் முட்புதர்களிலும் அது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இந்தப் பறவையின் இயல்பைச் சற்றுக் கவனிக்க வேண்டும். அடர்ந்த காட்டை அது நாடுவதில்லை. புல் குத்துக்களும் முள்மரங்களும் இடையிடையே வெற்று நிலமும் கலந்த இடமே அதன் வீடு. ஆபத்து வந்தால் பறப்பதைவிட ஓடுவதையே விரும்பும். தரையில் முட்டையிடும், இரவில் முள்மரக் கிளைகளில் தங்கும். சுருங்கச் சொன்னால் அது திறந்தவெளியின் பறவை. அண்மைக்கால மரபணு ஆய்வுகள் கௌதாரி இனங்களை மறுவகைப்படுத்தியபோது, நம் கௌதாரியின் நெருங்கிய உறவினர் இருவர் என்று தெரியவந்தது. ஒன்று கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் சதுப்புப் புல்வெளிகளில் வாழ்வது. மற்றொன்று ஆப்பிரிக்கச் சவானாவின் கொண்டைக் கௌதாரி. குரூகர் பூங்காவுக்குப் போகும் பயணிகள், தங்குமிட முற்றத்தில் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடும் இப்பறவையைக் கண்டுவிட்டு, சிங்கத்தைத் தேடிப் போய்விடுவார்கள். அது நம் ஊர்ப் பெயர் தாங்கிய பறவையின் ஒன்றுவிட்ட சகோதரன் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

2

இரண்டாவது தொடர்பு துணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த கருநீலத் துணிக்குப் பிரெஞ்சு வணிகர் 'கினே' என்று பெயரிட்டிருந்தனர். ஆப்பிரிக்காவின் கினிக் கரையை ஒட்டி எழுந்த பெயர் அது. அத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்குப் போனது. அங்கே அதற்கு ஈடாகக் கிடைத்தது வேலம்பிசின். சவானாவும் பாலைநிலமும் சந்திக்கும் விளிம்பில் வளரும் ஒருவகை வேலமரத்தின் பிசின் அது. ஐரோப்பியத் துணி ஆலைகளுக்கு அச்சடிக்கும் சாயங்களைக் கெட்டிப்படுத்த அது தேவைப்பட்டது. செனகல் கரையில் நம் நீலத் துணியே ஏறத்தாழ நாணயமாகப் புழங்கியது என்று பொருளாதார வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆக, புதுச்சேரி நெசவாளி ஒருபோதும் காணாத வேலமரம் ஒன்று அவனுடைய தறிக்கு வேலை தந்துகொண்டிருந்தது.

புதுச்சேரியின் பஞ்சாலைகளுள் ஒன்றின் பெயர் சவானா ஆலை. ரோடியர், கெப்ளே ஆகியவற்றோடு சேர்த்து மூத்தவர்கள் நினைவுகூரும் பெயர் அது. 1936ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று போராடிய பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் பிரெஞ்சுக் காலனி அரசின் துப்பாக்கிக்குப் பலியானார்கள். அதன் தொடர்ச்சியாகவே எட்டு மணிநேர வேலை என்ற உரிமை இவ்வூர்த் தொழிலாளருக்குக் கிடைத்தது. இவ்வூரின் முதியவர்களுக்குச் சவானா என்ற சொல் சிங்கத்தை அல்ல, ஆலைச் சங்கின் ஒலியையே நினைவூட்டும்.

துணி போன வழியில் மனிதர்களும் வந்தார்கள். புதுச்சேரித் தாவரவியல் பூங்கா 1826இல் தொடங்கப்பட்டது. அதை வளர்த்தவர்களுள் முதன்மையானவர் சாமுவேல் பெரொத்தே என்ற தாவரவியலர். சுவிட்சர்லாந்தில் பிறந்த இவர், இங்கு வருவதற்கு முன் 1820களில் செனகலில் இருந்தார். செனகாம்பியப் பகுதியின் தாவரங்கள் குறித்து வேறிருவருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல், ஆப்பிரிக்கச் சவானாத் தாவரங்களைப் பற்றிய தொடக்ககால ஆவணங்களுள் ஒன்று. பிறகு அவர் நீலகிரித் தாவரங்களை ஆராய்ந்தார், புதுச்சேரிப் பூங்காவின் செடிகளுக்குப் பட்டியல் தொகுத்தார், 1870இல் இவ்வூரிலேயே இறந்தார். ஆப்பிரிக்கப் புல்வெளியையும் சோழமண்டலக் கரையின் முட்காட்டையும் ஒரே கண்களால் பார்த்தவர் அவர்.

இவை வெள்ளைக்காரர் காலத்துத் தொடர்புகள். அதற்கும் நெடுங்காலம் முந்தைய தொடர்பு நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. கம்பு, சோளம், கேழ்வரகு மூன்றும் ஆப்பிரிக்கப் புல்வெளிகளில் மனிதன் பயிராக்கிய புற்கள். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரோ அதனையொட்டியோ அவை இந்தியாவை வந்தடைந்தன என்று தொல்தாவரவியல் சொல்கிறது. வந்தவை இங்கே வேரூன்றியதற்குக் காரணம், இங்கும் அவற்றுக்குப் பழகிய வெயிலும் பழகிய பருவமழையும் இருந்தமைதான்.

3

வரைபடத்துக்குப் போகுமுன், ஆப்பிரிக்க தேசியப் பூங்கா என்ற அமைப்பு எப்படி வந்தது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. சஃபாரி என்பது பயணம் என்று பொருள்படும் சுவாகிலிச் சொல். அரபியின் 'சஃபர்' அதன் மூலம். காலனியக் காலத்தில் அது வேட்டைப் பயணத்தின் பெயராயிற்று. அமெரிக்க அதிபர் பதவியிலிருந்து இறங்கிய தியோடர் ரூசவெல்ட் 1909இல் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போய், தம் மகனும் தாமுமாக ஐந்நூறுக்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டு வீழ்த்தினார். அருங்காட்சியகத்துக்காக என்பது அவர் சொன்ன நியாயம்.

சுட்டவர்களே பிறகு காவலர்களும் ஆனார்கள். தென்னாப்பிரிக்காவில் 1898இல் அறிவிக்கப்பட்ட சாபி ஒதுக்ககம் 1926இல் குரூகர் தேசியப் பூங்காவாயிற்று. அடுத்த ஆண்டே கார்களில் பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். துப்பாக்கி இருந்த கையில் தொலைநோக்கியும் ஒளிப்படக் கருவியும் வந்தன. செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்காவாயிற்று. 'செரங்கெட்டி சாகக் கூடாது' என்ற ஜெர்மானிய ஆவணப்படம் 1959இல் உலகை உலுக்கியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் மழையைத் தொடர்ந்து ஆண்டுதோறும் வலம்வரும் அந்நிலம் காக்கப்பட்டதற்கு நாம் நன்றி சொல்லவே வேண்டும்.

ஆனால் அதே 1959இல்தான் செரங்கெட்டிக்குள் ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் அதைவிட்டு வெளியேற்றப்பட்டு, அருகிலுள்ள நிகொரொங்கோரோவுக்கு அனுப்பப்பட்டார்கள். குரூகரின் வடமூலையில் வாழ்ந்த மக்குலேக்கே மக்கள் 1969இல் ஆயுதமுனையில் பெயர்க்கப்பட்டார்கள். நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின், 1998இல் அந்நிலத்தின் உரிமை அவர்களுக்கு மீண்டது. அவர்கள் அங்கே திரும்பிக் குடியேறவில்லை. பூங்காவின் பகுதியாகவே அதை வைத்துக்கொண்டு, அதில் வரும் வருவாயில் பங்கு பெறுகிறார்கள். மனிதனின் கால் படாத ஆதிவனம் என்று பயணிக்குக் காட்டப்படும் வெளி, உண்மையில் மேய்ச்சலும் தீயும் மனிதனும் சேர்ந்து நெடுங்காலம் உருவாக்கிய வெளி. மனிதனை அகற்றிய பிறகே அது 'ஆதி' ஆயிற்று.

மசாய் மொழியில் செரங்கெட்டி என்பதற்கு முடிவின்றி விரியும் வெளி என்று பொருள் சொல்வார்கள். இந்த 'வெளி' என்ற சொல்லை நாம் சற்று நினைவில் வைத்துக்கொள்வோம்.

4

புதுச்சேரி 1954 நவம்பர் முதல் நாள் இந்தியாவின் கைக்கு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டே பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இங்கே தொடங்கப்பட்டது. சைவ ஆகமச் சுவடிகளைத் திரட்டிய நிறுவனம் என்றே இலக்கிய வாசகர்கள் அதை அறிவார்கள். அதன் மற்றொரு கூடத்தில் தாவரவியலர்கள் இருந்தார்கள். பிரெஞ்சுத் தாவர நிலவரைவியலர் ஆன்றி கோசன், பியேர் லெக்ரி முதலியோர் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துடன் இணைந்து, பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற அளவில் இந்தியாவின் தாவரப் போர்வையை வரைபடமாக்கத் தொடங்கினார்கள். குமரிமுனைத் தாள் 1961இல் வெளிவந்தது. அடுத்தடுத்த தாள்கள் பின்தொடர்ந்தன. இன்றும் ஆய்வாளர்கள் புரட்டிப் பார்க்கும் அரிய உழைப்பு அது.

அந்த வரைபடங்களுக்குப் பின்னால் அக்காலத் தாவரவியலின் ஒரு கருத்து இருந்தது. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் உரிய உச்சநிலைத் தாவரக் கூட்டம் ஒன்று உண்டு. மழை போதுமான இடங்களில் அது காடுதான். முட்புதரும் புல்வெளியும் வெட்டாலும் மேய்ச்சலாலும் தீயாலும் காடு சீரழிந்த படிநிலைகள் என்பது அது. இதன்படி புதுச்சேரியைச் சுற்றிய புதர்நிலம் ஒரு காலத்தில் பாலை மரமும் புரசும் செறிந்த உலர் பசுமைமாறாக் காடு. இதற்குச் சான்றும் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் புத்துப்பட்டு ஐயனார் கோயிற்காட்டுக்குள் போய் நின்றால், அக்காட்டின் எச்சம் நம்மைச் சூழ்ந்து நிற்பதைக் காணலாம்.

இன்னொரு சான்றைச் சிலர் காட்டுவார்கள். புதுச்சேரியிலிருந்து மயிலம் போகும் வழியிலுள்ள திருவக்கரையில், ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டுப் பழைமையுள்ள கல்மரங்கள் கிடக்கின்றன. 1781இல் அவற்றைப் பதிவுசெய்தவரும் நம் சொன்னராதான். ஆனால் அக்கல்மரங்கள் இந்த வழக்கில் சாட்சி சொல்ல இயலாது. அவை நின்ற இடத்தில் கல்லானவை அல்ல, வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுப் படிந்தவை. அதற்கும் மேலாக, அவற்றின் காலத்துக்குப் பிறகே வெப்பநிலப் புற்கள் உலகெங்கும் பரவிச் சவானா என்ற நிலம் உருவாயிற்று.

கடந்த இருபது ஆண்டுகளில் இக்கருத்து வலுவான கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. பெங்களூரைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் முதலிய சூழலியலர்கள், இந்தியாவில் காடு என்று வகைப்படுத்தப்பட்ட நிலங்களில் பல உண்மையில் சவானாக்களே என்று வாதிடுகிறார்கள். மரங்களுக்கடியில் தொடர்ச்சியான புல்தரை இருந்தால், அது தீயோடும் மேய்ச்சலோடும் சேர்ந்து இயங்கினால், அது சிதைந்த காடன்று, தனக்கென வரலாறுடைய வேறொரு நிலம். நம் துணைக்கண்டத்தில் இந்நிலம் மனிதனுக்கு வெகுகாலம் முந்தியது. வெளிமான், சிவிங்கி, கானமயில் போன்ற வெளியில் ஓடப் பிறந்த உயிர்கள் இங்கே பரவியிருந்ததே அதற்குப் போதிய சான்று. ஓடுவதற்கு வெளி இல்லாத இடத்தில் சிவிங்கிக்கு என்ன வேலை?

புதுச்சேரிச் சுற்றுப்புறம் முழுக்கக் காடாக இருந்ததா, முழுக்கப் புல்வெளியாக இருந்ததா என்று கேட்பதைவிட, இரண்டும் கலந்து கிடந்த நிலம் என்று கொள்வதே பொருத்தம் என்று நமக்குத் தோன்றுகிறது. இதற்கு இலக்கியமும் துணைநிற்கிறது. திண்டிவனம், மரக்காணம் பகுதியான ஓய்மா நாட்டைப் பாடும் சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தை நெய்தலாகவும், வேலூரை முல்லையாகவும், ஆமூரை மருதமாகவும் வரிசைப்படுத்துகிறது. அந்த வேலூரை இன்றைய உப்புவேலூர் என்று அறிஞர்கள் கொள்வர். புதுச்சேரிக்கு வடக்கே சிறிது தொலைவில், கடலுக்கும் கழனிக்கும் இடையே ஒரு முல்லை நிலம் இருந்திருக்கிறது.

முல்லையைக் காடும் காடு சார்ந்த இடமும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்துவிட்டதால், அது மழைக்காடு போன்ற ஓர் இருட்டு என்று எண்ணிக்கொள்கிறோம். முல்லைப் பாடல்களில் வருவன எவை? மேயும் ஆநிரை, வரகும் தினையும், கார்மழையில் துள்ளும் இரலை மான், புன்செய்த் தாளிடையே இரை பொறுக்கும் சிவல். சிவல் என்பது கௌதாரியே என்பார் உண்டு. இவை அடர்காட்டின் காட்சிகள் அல்ல, சவானாவின் காட்சிகள். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்ற சிலப்பதிகாரத்துச் செய்தியில் நிலத்தின் நிலையாமை குறித்த அறிவும் இருக்கிறது.

மொழி மேலும் சில சான்றுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது. முறுக்குக் கொம்புள்ள மானுக்கு வெளிமான் என்று பெயர். அது வாழும் நிலமே பெயராயிற்று. சிவிங்கி என்ற சொல் நம் அகராதியில் இருக்கிறது, விலங்கு போய்விட்டது. 1947இல் கொரியா சமஸ்தானத்து அரசர் ஒரே இரவில் மூன்று சிவிங்கிகளைச் சுட்டதே நம்பத்தகுந்த கடைசிப் பதிவுகளுள் ஒன்று. 1952இல் அது இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது.

5

காடு இருந்த இடம் என்று சொன்னால் மரம் நடுவோம். ஒன்றுமில்லாத இடம் என்று சொன்னால் எதை வேண்டுமானாலும் செய்வோம். நம் வெளிகளுக்கு இவ்விரண்டும் நடந்தன. வருவாய்த்துறைப் பதிவேட்டில் புல்வெளிக்குத் தனிப் பெயர் இல்லை. தரிசு, புறம்போக்கு, மேய்க்கால் என்று வரி வராத நிலங்களுக்குரிய பெயர்கள்தாம் உண்டு. மைய அரசு 2000ஆம் ஆண்டு முதல் வெளியிட்டுவரும் பாழ்நில வரைபடத் தொகுப்பில், புதர்நிலமும் சீரழிந்த மேய்ச்சல் நிலமும் பாழ்நிலத்தின் வகைகளாகவே எண்ணப்படுகின்றன. பாழ் என்று ஏட்டில் ஏறிய நிலத்துக்காக யார் வழக்காடுவார்?

தமிழ்நாட்டில் எஞ்சிய வெளிகளில் முதன்மையானது கோடியக்கரை. 1967இல் வெளிமானுக்காக அது சரணாலயமாயிற்று. புதுச்சேரியின் பகுதியான காரைக்காலைத் தாண்டித் தெற்கே போனால் அடையலாம். கடலோரப் புல்தரையில் ஆண்மான்கள் தலையை நிமிர்த்தி நடக்கும் காட்சிக்கு ஆப்பிரிக்கா தேவையில்லை. ஆனால் அப்புல்தரையைச் சீமைக்கருவேலம் ஆண்டுதோறும் தின்றுகொண்டு வருகிறது. கிண்டியில் மரங்கள் மூடமூட வெளிமான் ஒடுங்கி, நிழலை விரும்பும் புள்ளிமான் பெருகிற்று. காட்டுயிர்களைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய மா. கிருஷ்ணன், இம்மண்ணுக்கு அயலான மரங்களைக் கண்டபடி நடுவதை வாழ்நாள் முழுதும் எதிர்த்தார். பசுமையெல்லாம் நன்மை என்று நம்பும் காலத்தில் அவர் குரல் அதிகம் எடுபடவில்லை.

இப்போது ஆப்பிரிக்கச் சவானா நம்மைத் தேடி வந்திருக்கிறது. 2022 செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிகளும், 2023 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்காவிலிருந்து பன்னிரண்டும் மத்தியப் பிரதேசத்தின் குனோ பூங்காவுக்குக் கொண்டுவரப்பட்டன. சில இறந்தன, சில ஈன்றன. அது வெல்லுமா என்பதைக் காலம் சொல்லட்டும். நாம் கவனிக்க வேண்டியது மற்றொன்று. குஜராத்துச் சிங்கங்களைக் குடியேற்றுவதற்கென்று குனோவிலிருந்து இருபத்துநான்கு ஊர்கள் முன்னரே பெயர்க்கப்பட்டன. பெயர்ந்தவர்களில் மிகுதியானோர் சகாரியப் பழங்குடியினர். சிங்கம் வரவில்லை. செரங்கெட்டியிலும் குரூகரிலும் நடந்த கதை நமக்கும் அயலானதல்ல.

6

தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு வேட்டுவர் வழக்கில் வேறொரு பொருள் உண்டு. காட்டு விலங்கையும் பறவையையும் கவர்ந்து வரவழைப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் விலங்குக்கோ பறவைக்கோ பார்வை என்று பெயர். எயினர் குடியிருப்பின் முற்றத்து விளாமரத்தில் பார்வை மானைக் கட்டியிருந்ததைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. கௌதாரி பிடிப்பதும் அவ்வாறே. கூண்டிலிருக்கும் பழகிய சேவல் கூவும், தன் எல்லைக்குள் வந்த அயலானை விரட்டக் காட்டுச் சேவல் ஓடிவரும், கண்ணியில் மாட்டும். இக்கலையில் தேர்ந்தவர்கள் நரிக்குறவர்கள். எந்தப் புதரில் எத்தனை கௌதாரி, எந்த மாதம் முட்டை, எந்த மாதம் குஞ்சு என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நூலிலும் இல்லை.

1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைக் குற்றமாக்கியது. சட்டம் தேவைதான், அது இல்லையேல் இன்று காண எதுவும் எஞ்சியிராது. ஆனால் அதே சட்டத்தின் காலத்தில்தான் கௌதாரி வாழ்ந்த வெளிகள் மனைகளாயின, கல்குவாரிகளாயின, தோப்புகளாயின. அதற்காக எவரும் கைதானதில்லை. பத்துப் பறவை பிடித்தவன் குற்றவாளி, பறவைகளின் நிலத்தையே பிடித்தவன் முதலீட்டாளன். நரிக்குறவரைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. வேட்டை நின்று ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

இங்கே இலக்கியத்துக்கும் ஒரு பொறுப்பு உண்டு என்று நாம் எண்ணுகிறோம். பாரதி புதுச்சேரியில் வாழ்ந்த பத்தாண்டுகளில் இவ்வூரின் மாந்தோப்புக் குயிலுக்கு அழியாப் புகழ் தந்தார். பாரதிதாசன் 'அழகின் சிரிப்பு' நூலில் காட்டையும் கிளியையும் புறாவையும் பாடினார். சோலைக்கும் கடலுக்கும் கிடைத்த கவிஞர்கள் முட்புதருக்குக் கிடைக்கவில்லை. பாடப்படாத நிலத்தைப் பாழ்நிலம் என்று எழுதிவைப்பது அதிகாரிக்கு எளிது.

புதுச்சேரி அரசு 2008இல் ஊசுட்டேரியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது நல்ல செயல். நீர் தெரிகிறது, நாரையும் வாத்தும் தெரிகின்றன, ஆகவே காக்கவேண்டும் என்பதும் எளிதில் தெரிகிறது. அந்த ஏரியைத் தாண்டிய மேட்டு நிலங்களில் புல்லும் முள்ளும் மட்டுமே தெரிகின்றன. காண ஒன்றுமில்லை என்று நாம் கடந்துபோவது அங்கேதான்.

ஆப்பிரிக்காவுக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்புள்ளவர்கள் அவசியம் போகட்டும். போனால் புல்லைப் பாருங்கள், மேய்ப்பவனைப் பற்றிக் கேளுங்கள், சிங்கத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் முற்றத்தில் ஓடும் கௌதாரியையும் ஒரு கணம் பாருங்கள். அந்த வெளியின் அழகைக் கண்டுகொண்ட கண்களோடு ஊர் திரும்பினால், வானூர்ச் செம்மண் மேட்டிலோ கோடியக்கரைப் புல்தரையிலோ அதே நிலத்தை அடையாளம் காணலாம்.

இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அறிவியல் இந்த ஊரின் பெயரை ஒரு தரைப்பறவையின் பெயரில் எழுதி வைத்திருக்கிறது. அப்பறவைக்கு இவ்வூரில் எஞ்சியிருக்கும் நிலம் எந்தப் பதிவேட்டில் எந்தப் பெயரில் இருக்கிறது என்று தேடிப் பார்க்கும் வேலை நம்முடையது. அது தரிசு என்று இருக்குமானால், முதலில் மாற்றவேண்டியது அந்தச் சொல்லைத்தான்.